பத்து ஆம்பியருக்கு நாலு லிட்டர்

செழியா,

நீ சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று மருமகள் போனில் சொன்னாள். உன் அப்பாவின் படத்திறப்புக்குப் போட்ட பந்தலை நேற்றுத்தான் பிரித்தார்கள். நாற்காலிக்காரர் வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசியதுதான் காதில் திரும்பத் திரும்ப விழுகிறது. "எங்கப்பா விவசாயி மட்டும் இல்ல, விஞ்ஞானி. டீசலுக்கு நாடே அலைஞ்சப்ப தண்ணியில எஞ்சின் ஓட்டணும்னு கனவு கண்டவரு. எங்கம்மா மட்டும் அன்னைக்கு அவரு கையப் புடிச்சு இழுக்காம இருந்திருந்தா, இந்த டெல்டாவே அவரு பேரச் சொல்லும்." கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். புருஷனை இழந்த துக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

உனக்கு அப்போது மூன்று வயது. நீ பேசியதில் எதையும் நீ பார்த்ததில்லை. உன் அப்பா சொல்லக் கேட்டது. அவர் இருந்தவரை நான் மறுத்துப் பேசவில்லை. பெற்ற பிள்ளையிடம் அவன் தகப்பனைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் படமாகச் சுவரில் இருக்கிறார். நீ ஊரைக் கூட்டிச் சொன்னதால் நானும் எல்லோருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம்.

மயிலாடுதுறையில் ஒரு போஸ்ட்மாஸ்டரின் மகள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தேன். உன் அப்பாவை ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசும்போதுதான் முதலில் பார்த்தேன். பெண் ஆணுக்கு அடிமையில்லை என்று அவர் பேசியபோது என் பக்கத்தில் இருந்த கிழவிகள்கூட முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கல்யாணத்தில் அய்யரும் இல்லை, அக்கினியும் இல்லை. இரண்டு மாலை, ஒரு மேடை, நாலு பேச்சாளர்கள். "இன்பத்திலும் துன்பத்திலும் சம உரிமையுள்ள நண்பர்களாக வாழ்வோம்" என்று உறுதிமொழி எடுத்தோம். நான் அதை அப்படியே நம்பினேன். வேதம் சொல்லிக் கட்டிய தாலியென்றால் ஒருவேளை இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டேனோ என்னவோ.

கீழ்வேளூருக்குக் கிழக்கே, கடைமடையில் இருந்தது நம் நிலம். நம் நிலம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். நிலம் மிராசுதாருடையது, சாகுபடி நம்முடையது. உன் தாத்தா காலத்திலிருந்து குத்தகை. ஆட்சி மாறி, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம், யாரும் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று ஆனபோது, மிராசுதார் ஆள்விட்டு நம் நாற்றங்காலை அழித்தார். விளைந்த சம்பாவை அறுக்க வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். உன் அப்பா வயலில் குறுக்கே படுத்தார். போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு நான் திருச்சி ஜெயில் வாசலில் நின்றேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் அப்பா கோழை இல்லை. கடைசியில் தாலுகா ஆபீசில் அவர் பெயர் பதிவானபோது ஊரே திரண்டு வந்து அவரைத் தோளில் தூக்கியது. அந்தப் பெருமையை நீ மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்கப்புறம்தான் டீசல் பஞ்சம் வந்தது. மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் பயிர் மஞ்சளாகிவிடும். வடிகாலில் தேங்கியதை ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தால்தான் உண்டு. பெட்ரோல் பங்கில் ராத்திரியிலிருந்தே தகர டின்னோடு வரிசை. வெறும் டின்னோடு உன் அப்பா திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தச் சமயத்தில்தான் வேதாசலம் என்று ஒருவர் வந்தார். எந்த ஊர், எங்கே படித்தார், யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. எல்லோரும் "எஞ்சினியர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பட்டப்பகலில் அவருடைய செயல்விளக்கம் நடந்தது. ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதில் உப்புத் தண்ணீர். உள்ளே இரண்டு தகடு. லாரி பேட்டரியிலிருந்து கம்பி. நடுவில் ஒரு மீட்டர், முள் பத்தில் நின்றது. தகட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. அப்புறம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டிகளைப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்த மூடிபோட்ட இரும்பு டப்பாவில் கொட்டினார். அதற்கு "ஊக்கி" என்று பெயராம். ஜாடியிலிருந்து ஒரு குழாய் டப்பாவுக்கும், டப்பாவிலிருந்து இன்னொன்று எஞ்சினுக்கும் போனது. எஞ்சினை ஒரு ஆள் சுற்றிவிட, அது படபடவென்று பிடித்துக்கொண்டது. "தண்ணிதான் இனிமே டீசல்!" என்று அவர் கையைத் தூக்கினார். கட்சியின் கிளைச் செயலாளர் மாலை போட்டார். மூடநம்பிக்கையை ஒழித்த மண்ணில் விஞ்ஞானம் வந்து இறங்கிவிட்டது என்று அரைமணி நேரம் பேசினார். உன் அப்பாவின் கண்ணில் தண்ணீர்.

எனக்குக் கண்ணில் பட்டது அந்த மீட்டர். மூக்கில் பட்டது பூண்டு நாற்றம்.

நீ என்னிடமே பள்ளியில் கெமிஸ்ட்ரி படித்தவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு யாரும் என்னை முழுதாகச் சொல்லவிடவில்லை. தண்ணீருக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அதற்கேற்ற வாயுதான் வரும். ஆம்பியரை நொடியால் பெருக்கினால் வருவது கூலும் என்கிற மின்னளவு. தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறு கூலும் போனால் ஒரு கிராம் ஹைட்ரஜன், அதாவது பதினொரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பத்து ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் முப்பத்தாறாயிரம் கூலும். நாலு லிட்டர் சொச்சம் வாயு. அவ்வளவுதான். தகட்டைத் தங்கத்தில் செய்தாலும் அவ்வளவுதான், உப்பை மாற்றினாலும் அவ்வளவுதான். ஒரு மணி நேரம் குமிழ்விட்டுச் சேரும் அந்த வாயு, அந்த எஞ்சினை நாலு நொடிகூட ஓட்டாது. அப்படியிருக்க எஞ்சின் எப்படி ஓடுகிறது? ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. பூண்டு நாற்றம் அடிப்பது கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டதும் கிளம்பும் வாயு. கல்யாண ஊர்வலத்துக்கு விளக்குப் பிடிக்கிறவர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் தினம் முகர்கிற நாற்றம். ஜாடி வேடிக்கைக்கு, டப்பாதான் வேலைக்கு.

நான் கூட்டத்தில் எழுந்து நின்றேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "ஐயா, உங்க மீட்டர் பத்து ஆம்பியர் காட்டுது. அதுக்கு மணிக்கு நாலு லிட்டர் வாயுதானங்க வரும்? அத வச்சு எஞ்சின் எப்படிங்க ஓடும்? அந்த டப்பாவ ஒரு தடவ கழட்டிட்டு ஓட்டிக் காட்டுங்களேன்."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தாயே, நீங்க சொல்றது வெள்ளக்காரன் எழுதி வச்ச கணக்கு. இது தமிழன் கண்டுபிடிப்பு."

அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அதை மறுபடி நான் கேட்டது உன் அப்பாவின் படத்திறப்பில்தான். கிளைச் செயலாளர் மைக்கை வாங்கினார். "நம்ம தோழரோட துணைவியார் படிச்சவங்க, மதிக்கிறோம். ஆனா சந்தேகத்த வெதைக்கிறது மிராசுதாரு வேலை. அத நம்ம வீட்டுப் பொம்பளைங்க செய்யக்கூடாது." நான் உன் அப்பாவைப் பார்த்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அறைந்தார். கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். நியாயத்தைச் சொல்ல வேண்டும். "நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டல்ல? மிராசுதாரு பேசுற பேச்ச என் பொண்டாட்டி பேசுறா!" என்றார். நீ கொல்லைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உனக்கு அது நினைவிருக்காது.

மறுநாள் காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் முழுக் கணக்கையும் போட்டேன். எடைக்கு எடை ஹைட்ரஜன் டீசலைவிட மூன்று மடங்கு சூடு தரும். அந்தச் சலுகையையும் வேதாசலத்துக்குக் கொடுத்தேன். அப்படியும், ஒரு லிட்டர் டீசலுக்கு ஈடான வாயு அந்த ஜாடியில் சேர இராப்பகலாக ஒரு மாதம் ஆகும். "ஒரு மாசங்க. ஒரு லிட்டருக்கு. அதுவரைக்கும் பேட்டரி தாங்கணும், தாங்காது. அத சார்ஜ் பண்ண மறுபடி டீசல் வேணும்" என்று தாளை நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவாது. கண்ணால பாத்தோம்ல, ஓடுச்சுல்ல?" என்றார். "பொம்பள கணக்கு" என்று போகிற போக்கில் சொல்லிக்கொண்டு வயலுக்குப் போனார். சம உரிமையுள்ள நண்பர்.

வேதாசலத்தின் ஜாடியையும் அதற்கென்றே அவர் விற்ற எஞ்சினையும் வாங்கப் பணம் வேண்டும். நம்மிடம் இருந்தது குத்தகை உரிமை ஒன்றுதான். அதை வாங்குவதற்குக் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர். எந்த மனிதர் நாற்றங்காலை அழித்தாரோ, யாரால் ஜெயிலுக்குப் போனாரோ, அவர் வீட்டுக்கே போனார் உன் அப்பா. ஒரே ஒரு மழையில்லாத பருவம், எஞ்சின் ஓடினால் ஊருக்கே தண்ணீர் விற்கலாம், அந்த வரும்படியில் நிலத்தைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்பது அவர் திட்டம். தாசில்தார் முன்னால், என் சொந்த விருப்பத்தின்பேரில் சாகுபடி உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து அஞ்சலையின் புருஷனும் போட்டார். அவர்கள் நமக்கு அடுத்த வயல்.

நீ மேடையில் மிராசுதார் சதி என்று வேறு ஒரு வரி சேர்த்தாய். சதி ஒன்றும் இல்லை. அவர் கேட்டதற்குக் குறையாமல் கொடுத்தார். சில மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். "ஏம்மா, உன் வீட்டுக்காரன்கிட்டேருந்து அந்த நெலத்த வாங்க நான் கோர்ட்டு, போலீசு, அடியாளு எல்லாம் வச்சுப் பாத்தேன். முடியல. ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிக் குடுத்துருச்சே!" என்றார். கிண்டல்கூட இல்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். நான் ஏறவேண்டிய பஸ் வந்தது. ஏறாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

எஞ்சின் வந்தது. ஜாடி வந்தது. வேதாசலம் ஒரு பொட்டலம் ஊக்கி கொடுத்துவிட்டு, மிச்சம் மெட்ராசிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொட்டலம் வயலின் ஒரு மூலை நனையக்கூட இறைத்திருக்காது. அதற்கப்புறம் ஜாடி குமிழ்விட்டது, எஞ்சின் அசையவில்லை. உன் அப்பா வடிகால் கரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டுபோனால் தொடமாட்டார். பேட்டரி தீர்ந்து குமிழும் நின்ற அன்றைக்கு நான், பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாணியும் சேறுமாக இருந்த அவர் காலைக் கழுவிவிட்டேன். அப்போது அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னதுதான் நீ படத்திறப்பில் மைக்கில் சொன்னதற்கு விதை. "எஞ்சினியரு அவமானப்பட்டுப் போயிட்டாரு. சபையில நீ அப்படிக் கேட்டதாலதான் மிச்ச ஊக்கியக் கண்ணுல காட்டாமப் போயிட்டாரு."

சொல்லிச் சொல்லி அவர் அதை நம்பினார். ஊரும் நம்பியது. அதைவிட ஒரு கொடுமை. அஞ்சலை ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். திருப்பூருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள், தலையில் பாத்திர மூட்டை. "ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்லக்கா? தெரிஞ்சும் ஏங்கா எங்க வீட்டாள விட்ட? கையப் புடிச்சு இழுத்திருக்கக்கூடாதா?" என்று கேட்டாள். ஒரே ஊரில், தடுத்தேன் என்று ஒரு வசவு, தடுக்கவில்லை என்று ஒரு வசவு. இரண்டையும் வாங்கிக்கொண்டு நான் குடவாசலில் வாத்தியார் வேலைக்குப் போனேன். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. உன் அப்பா கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெண் விடுதலையைப் பற்றி அவரைப்போலப் பேச இந்த மாவட்டத்தில் ஆளில்லை என்று இப்போதும் சொல்கிறார்கள்.

வருஷா வருஷம் அந்தக் கணக்கை நான் கரும்பலகையில் எழுதினேன். பத்து ஆம்பியர், ஒரு மணி நேரம், எத்தனை லிட்டர் ஹைட்ரஜன்? பெஞ்சில் நீயும் இருந்தாய் செழியா. கையைத் தூக்கி முதலில் விடை சொன்னவன் நீதான். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினாய். அதற்கப்புறம் இன்ஜினியரிங் படித்தாய், பெரிய கம்பெனியில் சேர்ந்தாய். கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினைத் தாண்டித்தான் தினம் குளிக்கப் போவாய். விடையை அந்த எஞ்சினோடு சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் உனக்குத் தோன்றவில்லை. கணக்கு தெரியாத உன் அப்பாவை நான் மன்னித்துவிடலாம். தெரிந்த உன்னை என்ன செய்வது?

என்னைச் சென்னைக்கு வந்துவிடச் சொன்னாய். வரவில்லை. வயதான காலத்தில் தனியாக எப்படி என்று கேட்காதே. நான் தனியாக இருந்து ரொம்ப நாளாகிறது. புத்தி சொல்லும் உரிமை இன்னும் இருக்கிறது என்றால் ஒன்று சொல்கிறேன். போன தடவை நீ வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது, உன் மனைவி வட்டிக் கணக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நீ சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டி, "உனக்கு இதெல்லாம் எதுக்குடா கண்ணு" என்றாய். உன் அப்பா என்னை அறைந்தார், நீ தட்டிக்கொடுக்கிறாய். இரண்டு வீட்டிலும் கணக்கு பாதியில்தான் நின்றது. அவளை முழுதாகச் சொல்லவிடு. தப்பாகவே இருந்தாலும் முழுதாகச் சொல்லவிடு.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றை நான் மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது சரியில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கடைசி வாரம். மத்தியானம் நீ டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாய். அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கணக்கு என்னது, சொல்லு" என்றார். எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. பத்து ஆம்பியரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகச் சொன்னேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல. நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை. ஒரு லிட்டருக்கு ஒரு மாசம் என்று முடித்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அதற்குத்தான் காத்திருந்தேனோ என்று அந்த நிமிஷம் எனக்கே தெரிந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குறைபட்டுக்கொள்கிற குரலில் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக்கூடாதா?"

மீதிக் கஞ்சியையும் புகட்டி வாயைத் துடைத்துவிட்டேன். நீ உள்ளே வந்தாய். உன்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். இதைவிடச் சத்தமாக எழுத எனக்குத் தெரியாது.

அம்மா